விசுவாசிகள் எண்ணிக்கை: ஒன்று

1981 மார்ச் 9, திங்கட்கிழமை. பழைய சைகோன், இப்போது ஹோ சி மின் நகரம்; அதன் முதலாம் மாவட்டத்தில் ஒரு வார்டு மக்கள் குழு அலுவலகம். மத நிறுவனங்களுக்கான பதிவேட்டின் பதினோராம் பக்கத்தில், ‘இந்தியர்களின் பிள்ளையார் கோயில்’ என்ற தலைப்புக்குக் கீழே, ‘விசுவாசிகள் எண்ணிக்கை: 1’ என்று எழுதப்பட்டது.

அந்த ஒருவர் வடிவேல். ஐம்பத்தேழு வயது. கான் ஹொய் துறைமுகத் தொழிலாளர் உணவகத்தில் சமையற்காரர். பதிவு நடந்த நேரத்தில் அவர் நூற்றெண்பது பேருக்குச் சோளம் கலந்த சோறு வடித்துக்கொண்டிருந்தார். தன்னை ஒருவர் எண்ணியிருக்கிறார் என்பது அவருக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

வடிவேல் காரைக்குடிப் பக்கத்துக்காரர். இருபது வயதுக்குள்ளேயே சுயமரியாதைக் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்து, பிறகு கறுப்புச் சட்டையும் போட்டவர். இருபத்தைந்தாவது வயதில் சைகோனிலிருந்த ஒரு செட்டியார் கிட்டங்கிக்குச் சமையலுக்கு வந்தார். கிட்டங்கி என்றால் தொழிலும் தங்குவதும் ஒரே கூரையின் கீழ். இந்தக் கிட்டங்கிக்கு முன்பக்கம் பிள்ளையார் கோயில், பின்பக்கம் அடுப்படி. அந்த அடுப்படியில் அவர் இருபத்தேழு வருடம் பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை அவித்தார். ஒரு நாள்கூட முன்பக்கம் போய்க் கும்பிட்டதில்லை. செட்டியார்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. கொழுக்கட்டை நன்றாக இருந்தது.

கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த மறு வருடம் கிட்டங்கியின் மேலாள் சொக்கலிங்கம் செட்டியார் கடைசி ஆளாகக் கிளம்பினார். குருக்கள் அதற்கு முன்பே போய்விட்டார். கோயில் சாவியை யாரிடமாவது கொடுக்க வேண்டும். இருந்தது சமையற்காரர் மட்டும். செட்டியார் வழக்கப்படி சீட்டு இல்லாமல் எதுவும் கைமாறக் கூடாது. அவர் ஒரு தாளை எடுத்தார். மேலே பிள்ளையார் சுழி போட்டார். அதன் கீழே ‘விநாயகர் துணை’ என்று எழுதினார். அதன் கீழே, ‘கோயில் சாவி ஒன்று ஒப்புக்கொண்டேன்.’

“சுழி போட்ட தாள்ல நான் கையெழுத்துப் போடுறதில்லைன்னு ஒங்களுக்குத் தெரியும், செட்டியாரே.”

“சுழி போடாத தாளை நான் ஒருத்தர்ட்ட நீட்டுறதில்லைன்னு ஒனக்கும் தெரியும்ப்பா. பிளேனுக்கு நேரமாச்சு.”

வடிவேல் இரண்டு படியிலும் கையெழுத்துப் போட்டார்; ஒன்றைச் செட்டியார் மடித்து வைத்துக்கொண்டு மற்றதை அவரிடமே கொடுத்தார்.

“யாராச்சும் பொறுப்பான ஆளு வந்து கேட்டா குடுத்துரு. அவுககிட்டயும் இதே மாதிரி ஒரு சீட்டு வாங்கிக்க,” என்று சொல்லிவிட்டு செட்டியார் சிக்லோ ரிக்‌ஷாவில் ஏறினார்.

ஐந்து வருடம் யாரும் வந்து கேட்கவில்லை. வடிவேல், மனைவி ஹோவா, மகள் ஜூலியேத் மூவரும் அடுப்படியை வீடாக்கிக் குடியிருந்தார்கள். முன்பக்கம் பூட்டியே கிடந்தது.

ஜூலியேத்துக்குப் பதினெட்டு வயது. அந்தப் பெயரை வைத்தவர் அவள் பிறந்த ஆஸ்பத்திரியில் எழுத்தராக இருந்த காரைக்கால்காரர் எட்மோன். வடிவேல் ஒரு தமிழ்ப் பெயரை யோசித்து முடிப்பதற்குள் அவர் எழுதி முடித்துவிட்டார். பள்ளியில் உயிரியலிலும் வேதியியலிலும் அவள்தான் முதல் ஆள். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு மனுச் செய்ய வாழ்க்கைக் குறிப்புப் படிவம் ஒன்று வேண்டும்: மூன்று தலைமுறையின் தொழில், சொத்து, அரசியல், மதம். ஒவ்வொரு வரிக்கும் வார்டு சான்றளித்து முத்திரை வைக்க வேண்டும். கடைசி நாள் ஏப்ரல் 29. தாய்க்கான வரியில் ‘மதம்: இல்லை’ என்று ஒரு நொடியில் முத்திரை விழுந்தது. ஹோவா வீட்டில் அலமாரி மேல் புத்தர், கருணைத் தேவி, மண் தெய்வம், இறந்த தாய் தகப்பன் என்று ஒன்பது பேருக்குத் தினமும் ஊதுவத்தி ஏற்றுகிறவள். அது மதம் ஆகாது, பழக்கம் என்று வார்டு முன்பே முடிவு செய்திருந்தது.

தந்தைக்கான வரியில் முத்திரை நின்றுவிட்டது.

“அப்பா, நீங்க மதம் உள்ள ஆளாம். அந்த வரியோட போனா என் மனுவைப் பிரிச்சுக்கூடப் பார்க்க மாட்டாங்க,” என்றாள் ஜூலியேத், வந்ததும் பையைக்கூட இறக்காமல். அந்த வீட்டில் பேச்சு வியட்நாமியம்தான். அதற்குள் அப்பா, ஆத்தா, சோறு, சனியன் ஆகிய நான்கு சொற்கள் மட்டும் தமிழ்.

“யாரு சொன்னா?”

“பதிவேடு.”

“அந்தச் சனியனை நான் பாத்துக்கிறேன், ஆத்தா,” என்றார் வடிவேல். மறுநாள் உணவகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு வார்டு அலுவலகத்துக்குப் போனார்.

பண்பாட்டுப் பிரிவின் பொறுப்பாளர் தோழர் குவாங், நாம் தின் மாகாணத்திலிருந்து வந்தவர். தினமும் காலை ஐந்து மணிக்கு வார்டு ஒலிபெருக்கியில் பேசுவதும் அவர்தான் என்பதால், அந்தக் குரலைக் கேட்டதும் வடிவேலுக்குத் தூக்கம் வந்தது.

“பெரியவரே, உங்களுக்கு மதம் இருக்கிறது.”

“எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, தோழர்.”

“அது உங்கள் கருத்து.”

குவாங் ஒரு கோப்பைத் திறந்தார். சொக்கலிங்கம் செட்டியார் எழுதிய சாவிச் சீட்டு உள்ளே இருந்தது. போன வருடம் வீடுகளைக் கணக்கெடுத்தபோது வடிவேல்தான் அதைக் கொடுத்திருந்தார், அடுப்படியில் குடியிருக்கத் தனக்கு உரிமை உண்டு என்று காட்ட.

“மேலே இருக்கும் இந்தச் சுழி என்ன?”

“பிள்ளையார் சுழி.”

“பிள்ளையார் என்பவர் யார்?”

“உள்ளே இருக்கிறவர்.”

“ஆக, அவருடைய அடையாளத்தின் கீழே, அவருடைய துணையோடு, அவருடைய வீட்டுச் சாவியைக் கையெழுத்திட்டு வாங்கியிருக்கிறீர்கள்.”

“எழுத ஆரம்பிக்கும்போது எல்லாரும் போடுற சுழி, தோழர். மளிகைச் சீட்டிலேகூடப் போடுவாங்க.”

குவாங் பேனாவை எடுத்து, ‘இம்மதம் பொருளாதார வாழ்விலும் ஊடுருவியுள்ளது’ என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார். பிறகு, ஒலிபெருக்கி முன்னால் இல்லாதபோதும் இருப்பதுபோல, நிதானமாகச் சொன்னார்:

“நம் நாட்டில் குடிமகனுக்கு இரண்டு சுதந்திரம் உண்டு. மதத்தைப் பின்பற்றலாம். பின்பற்றாமலும் இருக்கலாம். பின்பற்றாத சுதந்திரத்துக்கு இந்த வார்டில் ஆள் ஏராளம். பின்பற்றும் சுதந்திரத்துக்குத்தான் பற்றாக்குறை. ஐந்து மதங்கள் இங்கே சுதந்திரமாக இயங்குகின்றன என்று மாவட்டத்துக்கு எழுதிவிட்டேன். நீங்கள் விலகினால் நான்கு. ஐந்து எப்படி நான்கானது என்று கேட்பார்கள். ஒரு மதம் ஒடுக்கப்பட்டது என்று ஆகும். ஒடுக்கியவன் நான் என்று ஆகும். நான் யாரையும் ஒடுக்குகிறவன் இல்லை, பெரியவரே. அதனால் நீங்கள் விலக முடியாது.”

“நான் சேரவே இல்லையே.”

“சேராதவர் எப்படிப் பட்டியலில் இருப்பார்?”

வடிவேலுக்குப் பழைய ரோஷம் கொஞ்சம் வந்தது. “நான் முப்பத்தெட்டு வருசமா நாத்திகன், தோழர். நீங்க கட்சியிலே சேர்றதுக்கு முன்னாடியிலேர்ந்து.”

“சான்றிதழ்?”

“என்ன சான்றிதழ்?”

“நாத்திகம் தானாக வருவதல்ல. படித்துப் பெறுவது. என்னிடம் நான்கு சான்றிதழ் இருக்கிறது. படிக்காமல் கடவுள் இல்லை என்று சொல்வதும் ஒரு மூடநம்பிக்கைதான். அனுபவத்தைச் சான்றாக ஏற்க விதி இல்லை.”

வடிவேல் அங்கிருந்து டோங் டு தெருப் பள்ளிவாசலுக்கு நடந்தார். பக்கத்துக் காப்பிக் கடையில் ஹாஜி முகம்மது இருப்பார். காரைக்கால்காரர். ஒரு காலத்தில் பட்டுத் துணிக் கடை வைத்திருந்தவர். இப்போது எழுபது வயதும் ஒரு பல்செட்டும். வடிவேலோடு தமிழ் பேச மிஞ்சியிருந்த ஒரே ஆள்.

“என்னா தம்பி, மொகம் இப்புடித் தொங்குது?”

வடிவேல் சொன்னார். ஹாஜியார் சிரித்ததில் பல்செட் நழுவிற்று. அதைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் சிரித்தார்.

“நாங்க இருபத்திமூணு பேரு. வெள்ளிக்கெழம ஒரு ஆளு வாசல்ல நின்னு எண்ணிட்டுப் போறான். போன வாரம் ஒருத்தருக்குக் காய்ச்ச, வரல. மறுநாளே வந்துட்டான், ‘ஒருவர் ஏன் குறைகிறார், யாராவது மிரட்டினார்களா’ன்னு. காய்ச்சக்காரரைத் தூக்கிட்டுவந்து காட்டுனோம். ஒனக்கு அவசரம்னா சொல்லு, எங்க லிஸ்ட்லேர்ந்து ஒரு ஆள அந்தப் பக்கம் அனுப்பி வைக்கிறேன்.”

“சிரிக்காதீக, ஹாஜியாரே. புள்ள படிப்பு.”

ஹாஜியார் சிரிப்பை நிறுத்தினார். “சரி, படிப்புக்காக ஒரு பொய்யச் சொன்னா என்னா?”

“பொய்தான் வேணும்னா சொல்லிருவேனே. அவன் உண்மையச் சொல்ல விட மாட்டேங்கிறான்.”

காப்பி வடிகட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. “அப்ப அவன் படிப்பையே படிச்சு அவன் கையாலயே சான்றிதழ வாங்கு,” என்றார் ஹாஜியார்.

மாவட்ட அலுவலகத்தில் ஏப்ரல் 6 முதல் மூன்று பிற்பகல்கள் ‘விஞ்ஞான நாத்திகம்’ வகுப்பு நடந்தது. ஊழியர்களுக்கு மட்டும். வடிவேல் மனுக் கொடுத்தார். விசுவாசி ஒருவரை மாணவராகச் சேர்க்க இடமில்லை, ஆனால் பாடத்துக்கு ஓர் உயிருள்ள உதாரணம் இல்லாத குறை நெடுநாளாக இருக்கிறது என்று பதில் வந்தது. மூன்று நாளும் அவர் மேடையில், மாணவர்களைப் பார்த்தபடி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மார்பில் ‘விசுவாசி’ என்று ஒரு சீட்டுக் குத்தியிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் பூமி உருண்டை இருந்தது.

பாடம் எடுத்தவர் மாவட்ட மத விவகாரப் பிரிவின் தோழர் துயெத். வெள்ளைச் சட்டை, வட்டக் கண்ணாடி, கனிவான குரல்.

“இவரைப் பாருங்கள்,” என்றார் துயெத். “இவர் கெட்டவர் அல்ல. பயந்தவர். மழை, இடி, நிலப்பிரபு ஆகிய மூன்றையும் கண்டு பயந்தவர். நாம் இவர்மேல் கோபப்படுவதில்லை. இவர் தானாகவே மறைந்துபோவார் என்று விஞ்ஞானம் சொல்கிறது. அதுவரை இவரைப் பாதுகாப்பது நம் கடமை.”

மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் துயெத் அவர் பக்கம் திரும்பினார். “பெரியவரே, உங்கள் கடவுள் உங்களை எப்படி ஏமாற்றினார் என்று தோழர்களுக்குச் சொல்லுங்கள்.”

“அவர் ஏமாத்தலை, தோழர். அவர் இல்லை. இல்லாதவர் எப்படி ஏமாத்துவார்?”

வடிவேல் எழுந்து நின்றார். காரைக்குடி மைதானத்தில் நாற்பதுகளில் கேட்ட பேச்செல்லாம் எங்கிருந்தோ திரண்டு வந்தது. உளி பிடித்தவன் வெளியே நிற்கிறான், அவன் செதுக்கியது உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்றார். தன்னைத் தானே குளிப்பாட்டிக்கொள்ளத் தெரியாதவரிடம் மழை கேட்கிறீர்களே என்றார். “இருபத்தேழு வருசம் அவருக்குக் கொழுக்கட்டை வச்சேன். இருபத்தொண்ணு வச்சா இருபத்தொண்ணும் திரும்பி வரும். ஒருநாள், ஒரே ஒருநாள், இருபது வந்தது. அன்னைக்கு நானே கொஞ்சம் ஆடிப்போயிட்டேன். அப்புறம் பாத்தா, குருக்கள் வாயிலே மாவு.”

மூன்று நாளில் முதல் முறையாக வகுப்பு விழித்திருந்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. துயெத்தும் தட்டினார். அன்று மாலை அவர் எழுதிய குறிப்பு: ‘விசுவாசி தன் மதத்தில் ஆழ்ந்த அறிவுடையவர். பேச்சாற்றல் மிக்கவர். கேட்போரை எளிதில் ஈர்க்கிறார். சாதாரண விசுவாசியாக அன்றி மதகுருவாக வகைப்படுத்துக.’

இப்படியாக, சான்றிதழ் வாங்கப் போன வடிவேல் பதவி உயர்வோடு திரும்பினார்.

அதே வாரம் இந்தியாவிலிருந்து ஒரு நட்புறவுக் குழு நகருக்கு வந்திருந்தது. சனிக்கிழமை, ஏப்ரல் 11, பத்து மணிக்குக் கோயிலைப் பார்க்க வருவார்கள் என்று குவாங் வெள்ளிக்கிழமை ஓடிவந்தார். மதப் பொருட்கள் ஒதுக்கீடு என்று ஒரு தாள் கொண்டுவந்தார்: மெழுகுவத்தி இரண்டு, வாழைப்பழம் ஒரு சீப்பு, பூ கொஞ்சம். வேறு என்ன தேவை என்று கேட்டார். கற்பூரம் என்றார் வடிவேல். அது எந்த மதத்துக்குமான பட்டியலிலும் இல்லாததால், சீனர் பகுதியான சோலோனில் ஒரு மருந்துக் கடையில் ‘மூட்டுவலிக்கு’ என்று எழுதி வாங்கினார்கள்.

“தோழர், நான் கும்பிட மாட்டேன். சட்டையைக் கழற்ற மாட்டேன்.”

“எந்தச் சட்டை?”

வடிவேல் பெட்டிக்கடியிலிருந்து கறுப்புச் சட்டையை எடுத்துக் காட்டினார். அதுதான் அவரிடம் மிஞ்சியிருந்த எதிர்ப்பு. குவாங்கின் முகம் மலர்ந்தது. “கறுப்பு! காட்டிலிருந்து போரிட்ட நம் விவசாயிகள் அணிந்த நிறம். மதகுரு கறுப்பு உடையில் இருந்தால் விருந்தினர்களுக்கு எல்லாம் புரியும்.”

குழுவின் செயலாளர் ராமாமிர்தம், சென்னையில் ஓய்வுபெற்ற அதிகாரி. கோயிலுக்குள் நுழைந்தவர், ஐந்து வருடத் தூசி தட்டப்பட்ட பிள்ளையாரைப் பார்ப்பதற்கு முன் வடிவேலின் சட்டையைத்தான் பார்த்தார். அவர் கை தானாகக் குவிந்தது.

“சாமியே சரணம்! விஷுவுக்கு மாலை போட்டிருக்கீங்களா, சாமி?”

வடிவேல் கடைசியாக ஊருக்குப் போய் இருபது வருடம் ஆகியிருந்தது. அந்த இடைவெளியில் சபரிமலைக்குப் போகிறவர்கள் தெருத்தெருவாகக் கறுப்பு உடுத்த ஆரம்பித்திருந்ததும், தன் சட்டை இரண்டு பக்கமும் ஆடத் தொடங்கிவிட்டதும் அவருக்குத் தெரியாது.

“நான் கறுப்புச் சட்டைக்காரன்ங்க.”

“தெரியுதே! இந்த ஊர்ல உக்காந்துகிட்டு விரதமா? கன்னிச்சாமியா, குருசாமியா?”

“நான் கடவுள் இல்லைங்கிறவன்ங்க. கடவுள்னு ஒருத்தர் கிடையாதுன்னு சொல்றவன்.”

ராமாமிர்தத்தின் கண் கலங்கிவிட்டது. “தனியா வெளியில ஒருத்தர் கிடையாதுதான். அதத்தானே, சாமி, மலையில பதினெட்டுப் படியேறினதும் எழுதியே வச்சிருக்கான், நீயே அதுன்னு. அந்தப் பக்குவம் எங்களுக்கு எப்ப வரப்போகுது!” என்று சொல்லி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வடிவேலின் காலைத் தொட்டார்.

குவாங் புகைப்படக்காரருக்குக் கண் காட்டினார். அடுத்த வாரம் நகரச் செய்தித்தாளின் மூன்றாம் பக்கத்தில் படம் வந்தது: ‘இந்திய நண்பர்களுக்கு மதகுரு ஆசி.’

ஜூலியேத் செய்தித்தாளை மேசைமேல் விரித்து வெகுநேரம் பார்த்தாள்.

“காலை நகர்த்தியிருக்கலாமே, அப்பா.”

“நகர்த்தினேன், ஆத்தா. அவரும் கூடவே நகர்ந்து வந்துட்டார்.”

“படத்துல சிரிக்கிற மாதிரி இருக்கு.”

“கூச்சம். உள்ளங்கால்ல.”

அவள் சிரிக்கவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய்விட்டாள். இப்போது கோயில் திறந்திருந்தது; ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்குத் திறக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. அடுப்படியைவிட அங்கே வெளிச்சம் அதிகம். தூணில் சாய்ந்து நுரையீரலின் படம் வரைந்துகொண்டிருப்பாள்.

ஏப்ரல் 22, புதன்கிழமை. உச்சி வேளை, நகரம் முழுவதும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும் நேரம். குவாங் தனியாக வந்தார். செருப்பை வாசலில் கழற்றினார். பரிசோதனைக்கு வந்தவர் செருப்பைக் கழற்றுவானேன் என்று வடிவேல் நினைத்தார்.

“சும்மா வந்தேன்,” என்றார் குவாங். பிள்ளையாரைச் சுற்றிப் பார்த்தார். தும்பிக்கையைப் பார்த்தார். “இவருக்கு எந்தத் துறை?”

“துறைன்னா?”

“எதைக் கவனிப்பார்?”

“தடையை நீக்குவார்ம்பாங்க.”

குவாங் தரையில் உட்கார்ந்தார். அவருடைய ஒரே மகன் கம்போடிய எல்லையில் இருந்தான். நவம்பருக்குப் பிறகு கடிதம் இல்லை. ராணுவ அலுவலகத்தில் கேட்டால், செய்தி இல்லை என்பதே நல்ல செய்தி என்கிறார்கள். அந்த வாக்கியத்தை ஒலிபெருக்கியில் மற்றவர்களுக்கு அவரே பல முறை வாசித்திருக்கிறார்.

“நீங்கள் இவரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா, பெரியவரே?”

“எனக்கும் அவருக்கும் பேச்சு இல்லை, தோழர். நீங்களே சொல்லலாம்.”

“என்னிடம் நான்கு சான்றிதழ் இருக்கிறது. என்னால் முடியாது. பதிவேட்டில் இருப்பவர் நீங்கள்.”

இத்தனை நாள் அந்த முகத்தைப் பார்த்ததும் வந்த எரிச்சல் வடிவேலுக்கு அப்போது வரவில்லை. மிச்சமிருந்த மூட்டுவலிக் கற்பூரத்தை ஒரு கொட்டாங்கச்சியில் வைத்துக் கொளுத்தினார். குருக்கள் காட்டுவது போல மூன்று சுற்றுச் சுற்றினார். மனதுக்குள் எதுவும் சொல்லவில்லை. சொல்ல எதுவும் இல்லை. குவாங் கண்ணை மூடிக்கொண்டு, வேகமாக, வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டார். கற்பூரம் அணையும் வரை இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

செருப்பை மாட்டும்போது வடிவேல் கேட்டார்: “மகள் படிவம், தோழர்?”

“பட்டியலில் ஒருவர் இருந்தாக வேண்டும், பெரியவரே. அந்த ஒருவர் நீங்களாக இல்லாமலிருந்தால் இந்த நிமிடமே முத்திரை வைத்துவிடுவேன்.”

வடிவேல் அன்று மாலை உணவகத்தில் சோற்றை அடிப்பிடிக்க விட்டார். முப்பத்திரண்டு வருடத்தில் முதல் முறை. யோசனை அப்போதுதான் வந்தது. தன்னை விசுவாசியாக்கியது ஒரு சாவியும் ஒரு சீட்டும். வார்டே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறது. பொறுப்பான ஆள் வந்தால் கொடுத்துவிட்டு இதே மாதிரிச் சீட்டு வாங்கிக்க என்று செட்டியாரும் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 29 காலை அவர் அடுப்படியில் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்தார். சீட்டு அதே மாதிரி இருக்க வேண்டும். ஒரு குறை இருந்தாலும் கைமாறியது செல்லாது என்பார்கள். ஜூலியேத் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தேழு வயதில், முதல் முறையாக, வடிவேல் பிள்ளையார் சுழி போட்டார். கை பழகாததால் சுழி கொஞ்சம் கோணிக்கொண்டது. கீழே ‘விநாயகர் துணை’ என்றும், அதன் கீழே சாவி ஒன்று ஒப்புக்கொள்ளப்பட்டது என்றும் எழுதி, வியட்நாமியத்திலும் ஒரு வரி சேர்த்தார்.

வார்டு அலுவலகத்தில் சாவியை மேசைமேல் வைத்தார். “கோயிலை ஒப்படைக்க வந்திருக்கேன். யாராவது வாங்கிக் கையெழுத்துப் போடுங்க.”

மக்கள் குழுத் துணைத் தலைவர் சீட்டைப் படித்தார். பழைய சீட்டை வரவழைத்து ஒப்பிட்டார். “இதில் கையெழுத்திடுபவர்?”

“பதிவேட்டின்படி, விசுவாசி,” என்றார் வடிவேல்.

துணைத் தலைவர் சாவியைப் பேனா முனையால் பக்கத்து மேசைக்குத் தள்ளினார். தட்டச்சு செய்யும் பெண் கையை மடியில் வைத்துக்கொண்டாள். சுகாதாரப் பிரிவுக்காரர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். தன் பாட்டிகூடப் பௌத்தர் என்றும் அதுவே தனக்கு ஏழு வருடம் தொல்லை தந்தது என்றும் குடும்பப் பதிவுக்காரர் சொன்னார். சாவி நான்கு மேசையைத் தாண்டிக் குவாங்கின் மேசைக்கு வந்து நின்றது.

குவாங் சுழியைப் பார்த்தார். பிறகு வாசலில் படிவத்தோடு நின்ற ஜூலியேத்தைப் பார்த்தார். அவருடைய மகனுக்கும் பதினெட்டு வயதுதான்.

“முதலில் முத்திரையா, சாவியா?” என்று கேட்டார்.

“சாவி,” என்றார் வடிவேல். “நான் விசுவாசியா இருக்கும்போது முத்திரை வச்சா அது பொய்யாயிடும், தோழர்.”

பத்து மணி பத்து நிமிடத்துக்குக் குவாங் கையெழுத்திட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பத்து இருபதுக்கு, ‘தந்தை: மதம் இல்லை’ என்ற வரிக்குச் சான்றளித்து முத்திரை வைத்தார். மசி காய்வதற்காக ஜூலியேத் தெரு முழுக்க அந்தத் தாளை விசிறிக்கொண்டே நடந்தாள். டோங் டு தெருவில் ஹாஜியார் எல்லாருக்கும் காப்பி சொன்னார். “எங்க லிஸ்ட்டு எப்பவும் தயார், தம்பி,” என்றார்.

மே மாதம் குவாங் பண்பாட்டுப் பிரிவிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஒலிபெருக்கியில் வேறு குரல் வந்தது. ஜூனில் அவர் மகனிடமிருந்து கடிதம் வந்தது. குவாங் அதைக் கோயில் தூணில் சாய்ந்து இரண்டு முறை படித்தார். கடிதத்தில் இருந்த தேதி பிப்ரவரி 2.

ஜூலியேத்தின் மனு, தேர்வுக்கு எட்டு நாள் முன்பு, ஜூலை 6 அன்று திரும்பி வந்தது. வடிவேலும் மகளும் மாவட்ட அலுவலகத்துக்குப் போனார்கள். தோழர் துயெத் அவர்களுக்குத் தேநீர் கொடுத்தார்.

“சான்றளித்தவர் அன்று பத்து பத்து முதல் விசுவாசி,” என்றார் கனிவாக. “முத்திரை வைத்தது பத்து இருபதுக்கு. ஒருவருக்கு மதம் இல்லை என்று சொல்ல விசுவாசிக்கு எப்படித் தகுதி இருக்கும்?”

“முதலில் முத்திரை வைத்திருந்தால்?” என்று கேட்டாள் ஜூலியேத்.

“அப்போது உன் தந்தை விசுவாசி. சான்று பொய்யாக இருந்திருக்கும்.”

“வேறு ஒருவர் இப்போது வைத்தால்?”

“கடைசி நாள் ஏப்ரல் 29.” துயெத் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “பெரியவரே, அந்தக் கொழுக்கட்டை உதாரணத்தை நான் இப்போது எல்லா வகுப்பிலும் சொல்கிறேன். மிகவும் பயனுள்ளது.”

வெளியே வந்து ஜூலியேத் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். வடிவேல் பின்னால் நடந்தார். பாலத்தின் ஏற்றத்தில் சைக்கிளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொடுத்தார்.

“அடுத்த வருசம் எழுதலாம், ஆத்தா.”

“ம்,” என்றாள்.

வருட முடிவில் மாவட்டத்துக்குப் போன அறிக்கையின்படி, வார்டில் ஐந்து மதங்கள் சுதந்திரமாக இயங்கின. பிள்ளையார் கோயிலின் விசுவாசிகள் எண்ணிக்கை 1. குவாங் தினமும் காலை ஆறு மணிக்குக் கோயிலைத் திறந்து பதினொரு மணிக்குப் பூட்டினார். விசேஷ நாட்களில் வடிவேல் கொழுக்கட்டை அவித்துக் கொடுத்தார்.

ஜூலியேத் செப்டம்பரில் சோலோனில் ஒரு தையல் கூட்டுறவுச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே நிரப்பக் கொடுத்த படிவத்தில் மதம் என்ற கட்டம் இல்லை.